ஃபார்மலின் ஜாடிகளைக் குறைப்பது எப்படி? திசு மாதிரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விலங்கியல் துறை ஆய்வகப் பொறுப்பு என் கைக்கு வந்தபோது, அருங்காட்சியக அறையில் ஃபார்மலினில் (ஃபார்மால்டிஹைடு வாயு கரைந்த நீர்) விலங்கு உடல்கள் கிடக்கும் 340 ஜாடிகள் இருந்தன. கதவைத் திறந்தாலே கண் எரியும். ரெக்கார்டு நோட்டில் படம் வரையும் மாணவர்கள் கண்ணைத் துடைத்துத் துடைத்து வரைவார்கள். அதை 'லேப் வாசனை' என்று நாங்கள் எல்லோரும் பழகிப்போயிருந்தோம். ஆராய்ச்சி மாணவி ஒருவர் கருவுற்றிருந்த சமயத்தில், அந்த அறைப் பக்கமே போகக்கூடாது என்று அவருடைய மருத்துவர் சொல்லிவிட்டார். ஒருவர் போகக்கூடாத அறைக்கு மற்ற நாற்பது பேரை நான் எப்படி அனுப்புவது?

அந்த வேலையை முடிக்க இரண்டு வருடம் ஆனது. படிகளைச் சரியான வரிசையில் செய்திருந்தால் எட்டு மாதத்தில் முடிந்திருக்கும். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கல்லூரி ஆய்வகம், ஆராய்ச்சி மாணவர்கள், மீன்வள, கால்நடை ஆய்வகங்களுக்கு இது பொருந்தும். மனித பயாப்ஸி பார்க்கும் நோய்க்கூறியல் ஆய்வகம் வேறு கதை. அதை நான்காம் படியில் சொல்கிறேன்.

உங்கள் முதல்வரோ துறைத்தலைவரோ "இவ்வளவு நாள் இருந்ததுதானே?" என்று கேட்பார். பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் முதல் பிரிவில் சேர்த்தது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிப்படி 8 மணி நேர வேலைக்குச் சராசரி வரம்பு, காற்றில் பத்து லட்சத்தில் 0.75 பங்கு, 15 நிமிடத்துக்கு 2 பங்கு. சர்ஜிக்கல் மாஸ்க்கும் என்95 மாஸ்க்கும் இந்த ஆவியைத் தடுக்காது, அவை துகளுக்கானவை. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. அருங்காட்சியக அறைக்கு ஸ்பிளிட் ஏசி போட்டால் பிரச்சினை தீராது, கூடும். ஏசி அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி விடுகிறது. வெளியேற்றும் விசிறி வேண்டும்.

1. ஜாடிக்குள் இருப்பது எதற்கு என்று எழுதுங்கள்

நான் முதல் ஆறு மாதத்தை "ஃபார்மலினுக்கு மாற்று எது?" என்று தேடியே கழித்தேன். கேள்வியே தவறு. ஃபார்மலின் ஒரு ஜாடிக்குள் இரண்டு வேலை பார்க்கிறது. திசு தன் நொதிகளாலேயே கரைந்து போகாமல் புரதங்களைப் பிணைத்து நிறுத்துவது ஒன்று. இதைத்தான் ஃபிக்ஸ் செய்வது என்கிறோம். சிறிய துண்டுக்கு ஒரு நாள், முழுத் தவளைக்கோ மீனுக்கோ சில நாள் போதும். ஃபிக்ஸ் ஆன உடலில் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஏறாமல் வருடக்கணக்கில் வைத்திருப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது வேலைக்கு ஃபார்மலின் அவசியமே இல்லை. எங்கள் 340 ஜாடிகளில் ஏறக்குறைய எல்லாமே இரண்டாவது வகைதான். எப்போதோ ஃபிக்ஸ் ஆகிவிட்டவை, வழக்கத்தால் ஃபார்மலினிலேயே கிடந்தன.

ஆகவே ஒரு நோட்டை எடுத்து, ஒவ்வொரு மாதிரிக்கும் எதிரே ஒரே ஒரு பயனை எழுதுங்கள்: மாணவருக்குக் காட்டுவதற்கு, மெல்லிய வெட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு, டிஎன்ஏ எடுப்பதற்கு, ஆர்என்ஏ எடுப்பதற்கு, குரோமோசோம் பார்ப்பதற்கு. இரண்டு பயன் என்றால் மாதிரியை இரண்டாக வெட்டி வையுங்கள். ஒரே திரவத்தில் எல்லாம் நடக்கும் என்று நம்பாதீர்கள். ஃபார்மலினில் மாதக்கணக்கில் கிடந்த திசுவில் டிஎன்ஏ துண்டு துண்டாகியிருக்கும். புதிய மீன் வந்தால், மற்ற எதற்கும் முன்னால் ஒரு பக்கத்திலிருந்து பட்டாணி அளவு தசையை வெட்டி எத்தனாலில் போட்டுவிடுங்கள்.

2. அலமாரியைக் கணக்கெடுங்கள், ஆனால் எல்லா மூடியையும் திறக்காதீர்கள்

இந்தப் படியை அவசரமாகச் செய்ய வேண்டாம். திசு பதப்படுத்தும் பழைய ஆய்வகங்களில் ஃபார்மலினை விட ஆபத்தான சில பாட்டில்கள் பின்வரிசையில் இருக்கும்.

பிக்ரிக் அமிலம்: திசுவை ஃபிக்ஸ் செய்யும் பூவன் திரவம் தயாரிக்க வாங்கியிருப்பார்கள். மஞ்சள் நிறம். எடையில் 30 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் இருக்கும்வரை அமைதியாக இருக்கும். காய்ந்துவிட்டால் வெடிபொருள். உலோகத்தோடு சேர்ந்தால் உருவாகும் பிக்ரேட் உப்புகள் இன்னும் மோசம். எங்கள் அலமாரியில் கீழ்த்தட்டில், சாயப் பாட்டில்களுக்குப் பின்னால் ஒன்று இருந்தது. லேபிளில் பாதி உதிர்ந்திருந்தது. மூடிக்கும் கழுத்துக்கும் நடுவே உப்புப் பூத்தது போல மஞ்சள் படிகங்கள் வளையமாக ஒட்டியிருந்தன. மூடியைத் திருகினால் ஏற்படும் உராய்வே போதும். கையை எடுத்துவிட்டு, அலமாரிக் கதவைக்கூட மூடாமல் வெளியே வந்தேன்.

அப்படி ஒன்றைக் கண்டால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி நனைக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். அறையைப் பூட்டி, கதவில் எழுதி ஒட்டி, துறைத்தலைவர், முதல்வர் வழியாகத் தீயணைப்பு, காவல் துறைகளுக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். வாய்மொழி போதாது, கடித நகலில் பெற்றுக்கொண்ட கையொப்பம் வாங்குங்கள். எங்களுக்கு அந்தப் பாட்டில் போக 19 நாள் ஆனது. அதுவரை அந்த அறையில் எந்த வேலையும் நடக்கவில்லை.

மெர்க்குரிக் குளோரைடு: ஒரு பாதரச உப்பு. ஸெங்கர், ஹெல்லி, பி5 ஆகிய பழைய ஃபிக்ஸ் திரவங்களின் சரக்கு. பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கை 2017-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-இல் ஏற்புறுதி செய்தது. இதை இனிப் புதிதாக வாங்குவதற்குக் காரணமே இல்லை. அதன் வேலையைத் துத்தநாக உப்பு பார்த்துவிடும், கீழே வருகிறது.

சோடியம் அசைடு: பஃபர் (பிஹெச் மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) கெடாமலிருக்கச் சிட்டிகையளவு சேர்ப்பார்கள். சிங்க்கில் ஊற்றினால் செம்பு, ஈயக் குழாய்களில் வெடிக்கக்கூடிய உப்பாகப் படியும். அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

குளோரோஃபார்ம்: குரோமோசோம் பார்க்கும் திசுவை ஃபிக்ஸ் செய்யும் கார்னாய் திரவத்துக்கு வாங்கியது. தனியே எடுத்து வையுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் பெயர், அளவு, வாங்கிய வருடம், பாட்டிலின் நிலை என நான்கு பத்தி உள்ள பட்டியல் போதும். அதன் மூன்று நகல்கள் பின்னால் தேவைப்படும்.

3. காகித வேலையை இன்றே தொடங்குங்கள்

என்னுடைய பெரிய பிழை இங்கேதான். திரவத்தையெல்லாம் தேர்ந்தெடுத்து முடித்த பிறகு எத்தனால் வாங்கப் போனேன். தமிழ்நாட்டில் எத்தனால் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் கடையில் கொடுக்க மாட்டார்கள். மெத்தனாலுக்கும் கெடுபிடி உண்டு. எங்கள் உரிமம் கைக்கு வர ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் மற்ற வேலைகள் நின்றன.

முதலில் உங்கள் வளாகத்திலேயே கேளுங்கள். வேதியியல் துறையிடமோ உயிர்த்தொழில்நுட்பத் துறையிடமோ கல்லூரிப் பெயரில் ஏற்கெனவே உரிமம் இருக்கலாம். அப்படியானால் புதிய உரிமம் தேவையில்லை, ஒதுக்கீட்டளவைக் கூட்டக் கேட்டால் போதும்.

புதிதாக என்றால், எங்களிடம் கேட்டவை இவை:

– கல்லூரி முதல்வரின் விண்ணப்பக் கடிதம், அங்கீகார ஆணையின் நகல்
– ஆண்டுத் தேவைக் கணக்கு: எந்தப் பயிற்சிக்கு எத்தனை மில்லி, எத்தனை மாணவர் என்று பிரித்து
– வைக்கப்போகும் அறையின் வரைபடம், பூட்டு வசதி
– இருப்புப் பதிவேடு வைப்பதாக உறுதிமொழி, பொறுப்பாளர் பெயர்
– தீத்தடுப்பு ஏற்பாடு பற்றிய குறிப்பு

மாவட்டத்துக்கு மாவட்டம் கூடுதலாக ஏதாவது கேட்பார்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் ஆயப் பிரிவில் நேரில் போய்ப் பட்டியலை எழுதி வாங்கிவிட்டு விண்ணப்பியுங்கள். எங்கள் விண்ணப்பம் முதல் முறை திரும்பி வந்தது, தேவைக் கணக்கில் மொத்த லிட்டர் மட்டும் எழுதி, பயிற்சி வாரியாகப் பிரிக்காததால். அதற்கே ஏழு வாரம் போயிற்று. உரிமம் வந்தபின் பதிவேட்டை அன்றன்றே எழுதுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து நிரப்பினால் இருப்பும் கணக்கும் பொருந்தாது. ஆய்வுக்கு வருபவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

உரிமம் வரும்வரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் உதவும். அதற்கு மதுவிலக்கு உரிமம் தேவைப்படுவதில்லை. அதனால்தான் நம் ஊர் நோய்க்கூறியல் ஆய்வகங்கள் பலவற்றில் திசுவின் நீரை நீக்க அதையே பயன்படுத்துகிறார்கள்.

இதோடு, வாங்கும் ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் பாதுகாப்புத் தரவுத் தாளை விற்பனையாளரிடம் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். விலைப்புள்ளி கேட்கும் கடிதத்திலேயே இதை எழுதிவிடுங்கள். பணம் கொடுத்த பிறகு கேட்டால் வராது.

மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், சென்னை தரமணியில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறையையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

4. வேலைக்கேற்ற திரவம்

*காட்சிக்கு வைக்கும் மாதிரி.* ஏற்கெனவே ஃபிக்ஸ் ஆன உடலுக்கு 1 சதவீத ஃபீனாக்ஸி எத்தனால் கரைசல். முகத்தில் பூசும் கிரீம்களிலும் கெடாமலிருக்க இதைத்தான் சேர்க்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் அங்கே அனுமதிப்பதும் 1 சதவீதம் வரைதான். தீப்பற்றும் கவலை இல்லை, கண் எரிச்சல் தரும் ஆவி இல்லை. பாட்டிலில் உள்ள அடர்திரவம் மட்டும் கண்ணில் படக்கூடாது, விழுங்கக்கூடாது. ஆனால் இது தானாக எதையும் ஃபிக்ஸ் செய்யாது. புதிதாக இறந்த தவளையை நேரே இதில் போட்டால் அழுகிவிடும்.

தயாரிப்பு எளிது, ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். லிட்டருக்கு 10 மில்லி. நேராகக் குளிர்ந்த தண்ணீரில் ஊற்றினால் கரையாது. எங்கள் முதல் தொகுதியில் அப்படித்தான் ஆனது: மறுநாள் பார்த்தால் ஜாடியின் அடியில் எண்ணெய்த் துளிகள் போலக் கண்ணாடி மணிகளாய் உருண்டு கிடந்தன, மேலே இருந்தது வெறும் தண்ணீர். மூன்று வாரத்தில் நான்கு ஜாடிகளில் பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்தது. கை பொறுக்கும் சூட்டில் உள்ள காய்ச்சி வடித்த நீரில் ஊற்றி, துளி எதுவும் தெரியாதவரை கலக்குங்கள். பிறகு ஆறவிட்டு ஜாடியில் ஊற்றுங்கள்.

சிறிய முதுகெலும்பிலிகள், நண்டு, பூச்சி முதலியவற்றுக்கு 70 சதவீத எத்தனாலே நல்லது. ஆனால் ஆல்கஹாலுக்கு மாறுவது ஆபத்தே இல்லாத இடத்துக்குப் போவதல்ல. 70 சதவீத எத்தனால் ஏறக்குறைய 17 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றத் தக்க ஆவி விடும். நம் ஊரில் மார்கழி விடியற்காலையிலும் அறை அதைவிடச் சூடுதான். முந்நூறு ஜாடி எத்தனாலை ஒரே மர அலமாரியில், பழைய ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே அடுக்காதீர்கள். அதனாலேயே நாங்கள் பெரிய உடல்களை ஃபீனாக்ஸி எத்தனாலுக்கும், சிறியவற்றை மட்டும் எத்தனாலுக்கும் பிரித்தோம்.

*மெல்லிய வெட்டு எடுக்கும் திசு.* இங்கே ஃபார்மலினை முழுதாக ஒழிக்க முடியும் என்று யாராவது சொன்னால் கவனமாகக் கேளுங்கள். சாய நிறமும் செல் வடிவமும் ஃபார்மலினில் ஃபிக்ஸ் ஆனதோடு ஒப்பிட்டே நமக்குப் பழக்கம். முடிந்த இடத்தில் மாற்றுங்கள், முடியாத இடத்தில் அளவைக் குறையுங்கள்.

நான் அதிகம் பயன்படுத்துவது துத்தநாக–டிரிஸ் திரவம். 0.1 மோலார் டிரிஸ் பஃபர், பிஹெச் 7.4, ஒரு லிட்டர். அதில் கால்சியம் அசிடேட் 0.5 கிராம், ஜிங்க் அசிடேட் 5 கிராம், ஜிங்க் குளோரைடு 5 கிராம். கரைந்தபின் பிஹெச் 6.5க்கும் 7க்கும் இடையில் இறங்கியிருக்கும். புதிதாக வருபவர்கள் இங்கேதான் தவறுவார்கள்: பிஹெச் இறங்கிவிட்டதே என்று சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு ஏற்றுவார்கள், துத்தநாகம் வெள்ளையாகத் திரிந்து கீழே படியும், மொத்தமும் வீண். அப்படியே விட்டுவிடுங்கள். சில மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டை அறை வெப்பத்தில் 24 முதல் 48 மணி நேரம் வைத்தால் போதும். புரதங்களை எதிர்ப்பொருள் கொண்டு தேடும் வேலைக்கு இது மிக நன்றாக வருகிறது, ஆல்டிஹைடு பிணைப்புகள் இல்லாததால்.

கிளையாக்சால் கரைசல் இன்னொரு வழி. இதுவும் ஆல்டிஹைடுதான், ஆனால் கரைசலிலிருந்து ஆவியாக எழும்பாது, ஆகவே மூக்கும் கண்ணும் தப்பும். தோல் ஒவ்வாமை வரும், கையுறை கட்டாயம். அமிலத்தன்மை உள்ளது என்பதால் சிவப்பணுக்கள் உடையும், சுண்ணாம்புப் படிவுகள் கரையும். இரத்தம் தேங்கிய திசுவுக்கும் எலும்புக்கும் வேண்டாம்.

விரை, கண் இரண்டுக்கும் பூவன் திரவம்தான் வேண்டும் என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லலாம். பிக்ரிக் அமிலம் இல்லாத திருத்திய டேவிட்சன் திரவத்தை எடுத்துக் காட்டுங்கள்: 100 மில்லிக்கு அடர்ஃபார்மலின் 30, எத்தனால் 15, கிளேசியல் அசிட்டிக் அமிலம் 5, நீர் 50. ஃபார்மலின் இருக்கிறதுதான். வெடிபொருள் இல்லை.

மனித பயாப்ஸிக்கு வருகிறேன். அங்கே தன்னிச்சையாக எதையும் மாற்றாதீர்கள். மார்பகப் புற்றுநோய்க்கான ஹெர்2 போன்ற சோதனைகள், 10 சதவீத நடுநிலை பஃபர் ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் ஃபிக்ஸ் ஆன திசுவை வைத்தே தரப்படுத்தப்பட்டவை. ஒரு நோயாளியின் சிகிச்சை அதைச் சார்ந்தது. அங்கே செய்யக்கூடியது, முன்கூட்டியே ஃபார்மலின் நிரப்பி மூடிய குப்பிகளை வாங்குவது, வெட்டும் மேசையில் காற்றுறிஞ்சி வைப்பது. அடர்ஃபார்மலினை யாரும் கையால் நீர்க்கவைக்காமல் பார்த்துக்கொண்டாலே ஆவி குறையும்.

*குரோமோசோம்.* கார்னாய் திரவத்திலுள்ள குளோரோஃபார்ம் தேவையில்லை. வெங்காய வேர்நுனிக்கும் வெட்டுக்கிளி விரைக்கும் எத்தனால் மூன்று பங்கு, கிளேசியல் அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு போதும். அன்றன்றைக்குக் கலக்குங்கள்.

*டிஎன்ஏ.* 95 சதவீதம் அல்லது அதற்கு மேலான எத்தனால், திசுவைப் போல் பத்து மடங்கு. ஒரு நாள் கழித்துப் புதிய எத்தனால் மாற்றுங்கள், திசுவிலிருந்து இறங்கிய தண்ணீர் அதை நீர்க்கவைத்திருக்கும். டீநேச்சர்டு ஸ்பிரிட் (குடிக்க முடியாதபடி வேறு பொருள் கலந்த எத்தனால்) மலிவு என்று அதில் போடாதீர்கள். கூரியரில் அனுப்பும்போது எத்தனாலை வடித்துவிட்டு, ஈரத்தோடு மூடி அனுப்புங்கள். பாட்டில் நிறைய எத்தனால் இருந்தால் பார்சலை எடுக்க மாட்டார்கள். விமானம் வழி அனுப்பும் சர்வதேச விதியில் அறிவியல் மாதிரிகளுக்கு ஏ180 என்ற சலுகை உண்டு: உள்ளே ஒரு குப்பிக்கு 30 மில்லி வரை, வெளிப்பெட்டி மொத்தம் ஒரு லிட்டர் வரை.

*ஆர்என்ஏ.* விலைக்கு வரும் நிலைநிறுத்தும் கரைசல் ஆராய்ச்சி மாணவரின் உதவித்தொகைக்குக் கட்டுப்படியாகாது. எங்களுக்கு 100 மில்லிக்கே ஐந்து இலக்கத்தில் விலைப்புள்ளி வந்தது. வீட்டுச் சமையல் போல நாமே செய்யலாம்: நீர் 935 மில்லி, 0.5 மோலார் ஈடிடிஏ 40 மில்லி, 1 மோலார் சோடியம் சிட்ரேட் 25 மில்லி, அம்மோனியம் சல்ஃபேட் 700 கிராம். மெதுவான சூட்டில் கலக்கிக் கரைத்து, ஆறியபின் சல்ஃபியூரிக் அமிலத்தால் பிஹெச் 5.2க்குக் கொண்டுவாருங்கள். உப்பு கரையும்போது அளவு கூடும், ஆகவே இரண்டு லிட்டர் பீக்கர் எடுங்கள். திசு அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் கூடாது. ஓரிரவு 4 டிகிரியில் ஊறவைத்துப் பின் உறைபெட்டிக்கு மாற்றுங்கள். இந்தக் கரைசல் சிந்திய மேசையை ப்ளீச்சிங் கரைசலால் துடைக்காதீர்கள். அம்மோனியமும் ப்ளீச்சும் சேர்ந்தால் குளோரமின் வாயு எழும்பும்.

தேன், வெல்லப்பாகு பற்றிக் கேட்பீர்கள். நம் நாட்டுப் பல்மருத்துவ நோய்க்கூறியல் ஆய்வகங்கள் சில அவற்றை ஃபிக்ஸ் செய்யப் பயன்படுத்திப் பார்த்து, சிறிய திசுத் துண்டுகளில் நல்ல முடிவு கண்டிருக்கிறார்கள். சர்க்கரைக் கரைசல் புளிக்கும், பூசணம் பிடிக்கும். மாணவர் பயிற்சிக்குச் செய்து பாருங்கள், திரும்பக் கிடைக்காத மாதிரியை அதில் போடாதீர்கள். சைலீனுக்கு (நீர் நீக்கிய திசுவை மெழுகு ஏறத் தயாராக்கும் கரைப்பான்) பதில் தேங்காய் எண்ணெயும் அப்படியே: வெட்டுக்கு முந்தைய தெளிவாக்கலில் வேலை செய்கிறது, ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஏசி அறையில் திசுவோடு சேர்ந்து இறுகிவிடும், வெப்பப் பெட்டிக்குள் வைத்துச் செய்யுங்கள். சைலீனிலேயே இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: நைட்ரைல் கையுறை ஃபார்மலினைத் தாங்கும், சைலீனை வெகுநேரம் தாங்காது.

5. பத்து மாதிரியில் ஒப்பிட்டுப் பாருங்கள்

ஒரே உறுப்பை இரண்டாக வெட்டி, ஒரு பாதி பழைய திரவத்தில், மறு பாதி புதியதில். ஈரல், சிறுநீரகம், குடல் என்று மூன்று வகைத் திசுவாவது எடுங்கள். கண்ணாடித் தகட்டில் எந்தத் திரவம் என்று எழுதாமல் எண் மட்டும் போட்டு, வெட்டாத ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உட்கருவின் விளிம்பு, செல் சுருக்கம், சாயம் ஏறிய அளவு மூன்றுக்கும் மதிப்பெண். மூன்று வாரம் ஒதுக்குங்கள். இந்தத் தகடுகள்தான் பின்னால் ஆய்வேட்டுத் தேர்வாளர் கேட்கும்போது உங்களைக் காப்பாற்றும்.

6. பழைய ஜாடிகளை மாற்றும் முறை

ஒரு நாளைக்குப் பத்து ஜாடிக்கு மேல் வேண்டாம். காற்றுறிஞ்சும் அறைக்குள்ளோ, எதிரெதிர் ஜன்னல் திறந்த வராந்தாவிலோ செய்யுங்கள். மாணவர்களை இந்த வேலைக்கு விடாதீர்கள்.

பழைய ஃபார்மலினைப் புனல் வைத்துக் கேனில் வடியுங்கள். உடலை நீரில் ஊறவைத்து, ஒரு நாளைக்கு இரண்டு முறை மாற்றி, மூன்று நாள். முதல் இரண்டு நீரிலும் ஃபார்மலின் நிறைய இருக்கும், அதுவும் கேனுக்குத்தான், சிங்க்குக்கு அல்ல. பிறகு ஃபீனாக்ஸி எத்தனால் என்றால் நேரே போடலாம். எத்தனால் என்றால் 30, 50, 70 என்று படிப்படியாக, ஒவ்வொன்றிலும் ஒரு நாளாவது. அவசரப்பட்டு 70-க்குத் தூக்கிப் போட்ட எங்கள் கடல்வெள்ளரி, காய்ந்த நெல்லிக்காய் போலச் சுருங்கிவிட்டது. அதை மீட்க முடியவில்லை.

லேபிளை மறந்துவிடாதீர்கள். ஃபார்மலினில் அழியாத மார்க்கர் மை ஆல்கஹாலில் அரைமணி நேரத்தில் கரையும். எங்கள் முதல் நாள் பத்து ஜாடியில் ஆறுக்கு இனப்பெயரும் சேகரித்த இடமும் நீல நிறமாய் ஆல்கஹாலில் கலந்துபோயின. 1970களில் யாரோ கடற்கரையில் நின்று சேகரித்தவை அவை. பெயரைத் திரும்பக் கண்டுபிடித்தோம், இடத்தையும் தேதியையும் கண்டுபிடிக்க முடியவில்லை. தடித்த பருத்திக் காகிதத்தில் பென்சிலால் எழுதி ஜாடிக்கு உள்ளே போடுங்கள். மாற்றும் முன் பழைய லேபிளை அலைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனால் ஜாடிகளில் திரவம் குறைந்தால் 70 சதவீதத்தை ஊற்றி நிரப்பிக்கொண்டே போகாதீர்கள். ஆல்கஹால்தான் தண்ணீரை விட வேகமாகப் போகிறது, ஆகவே மிஞ்சியிருப்பது ஒவ்வொரு முறையும் நீர்த்துக்கொண்டே வரும். வருடம் ஒருமுறை ஹைட்ரோமீட்டரால் பாருங்கள். ஆல்கஹால் அளவு 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் முழுதாக மாற்றுங்கள்.

7. பழைய ஃபார்மலினை எங்கே கொடுப்பது

எங்களிடம் கழுவிய நீரோடு சேர்த்து 400 லிட்டருக்கு மேல் சேர்ந்தது. மருத்துவ, கால்நடை நிறுவனமாக இருந்தால் 2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பயன்படுத்திய ஃபார்மால்டிஹைடு மஞ்சள் வகை (அந்த விதிகள் கழிவை நிறம் வாரியாகப் பிரிக்கின்றன). உங்கள் கழிவைப் பெறும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திடமே பேசுங்கள். மற்றவர்கள் அதே வருடத்து அபாயகரக் கழிவு விதிகளின் கீழ், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம் வழியாகப் போக வேண்டும். கும்மிடிப்பூண்டியில் பொது அபாயகரக் கழிவு நிலையம் இருக்கிறது. அவர்கள் கேட்பது: இரண்டாம் படியில் செய்த பட்டியல், அளவு, கேன்களில் லேபிள், கொண்டுபோகும்போது படிவம் 10 (கழிவோடு கூடவே போகும் விவரச் சீட்டு). அபாயகரக் கழிவைச் சேர்த்துவைக்கப் பொதுவாக 90 நாள்தான் வரம்பு, ஆகவே ஏற்பாடு செய்துவிட்டு ஜாடியைத் திறங்கள். நான் திறந்துவிட்டு ஏற்பாடு தேடினேன். 22 கேன்கள் மாடிப்படிக்கு அடியில் பூட்டிக் கிடந்தன, ஒவ்வொரு நாளும் அதைக் கடந்து போவதே கவலையாக இருந்தது.

கேன்களில் வேறு எதையும் கலக்காதீர்கள். ஃபார்மலினோடு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்தால் புற்றுநோய் உண்டாக்கும் ஈதர் ஒன்று உருவாகும். பெர்மாங்கனேட் சேர்ந்தால் கொதித்துப் பொங்கும்.

8. செலவும் காலமும்

340 ஜாடிக்குச் சராசரி அரை லிட்டர் என்றால் 170 லிட்டர். முழுவதும் ஃபீனாக்ஸி எத்தனால் கரைசல் என்றால் அடர்திரவம் 1.7 லிட்டர்தான் தேவை. முழுவதும் 70 சதவீத எத்தனால் என்றால் தூய எத்தனால் 119 லிட்டர். இந்த ஒரு கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியபோதுதான் எங்கள் நிதிக்குழு ஒப்புக்கொண்டது. திரவங்களை விட ஜாடி மூடிகளுக்கும், கழிவு எடுத்துப்போகும் வண்டிக்கும், வெளியேற்றும் விசிறிக்கும்தான் எங்களுக்கு அதிகம் செலவானது. விண்ணப்பத்தில் இம்மூன்றையும் தனி வரியாக எழுதுங்கள், பின்னால் கேட்டால் கிடைக்காது.

காலத்தை இப்படி வையுங்கள்: ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும் கணக்கெடுப்பும் உரிம விண்ணப்பமும் கழிவுக்கான கடிதமும் ஒரே வாரத்தில். ஜூலை, ஆகஸ்டில் விலைப்புள்ளிகள், ஒப்பீட்டுச் சோதனை. செமஸ்டர் விடுமுறையில் ஃபீனாக்ஸி எத்தனால் ஜாடிகள், அதற்கு உரிமம் வேண்டியதில்லை. எத்தனால் உரிமம் வந்தபின் சிறிய மாதிரிகள். செய்முறைத் தேர்வு நடக்கும் மாதத்தில் மட்டும் ஒரு ஜாடியையும் திறக்காதீர்கள்.